இரண்டு லாரி, இரண்டு லேன், பின்னால் முப்பது கார்: மரியாதை யாருக்கு இல்லை?

நடுரோடு | மார்ச் 3, இரவு 9:12

நேராகவே கேட்கிறேன். நாலுவழிச் சாலையில் ஒரு லாரி மணிக்கு 88 கி.மீ. வேகத்தில் போகிறது. பின்னால் வரும் லாரி 90இல் போகிறது. இந்த 2 கி.மீ. வித்தியாசத்துக்காக அவர் வேக லேனுக்கு ஏறி, மூன்று நான்கு கி.மீ. தூரம் இன்னொரு லாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகிறார். பின்னால் கார்கள் வரிசை கட்டுகின்றன. லைட் அடித்தாலும் நகர்வதில்லை. லாரி ஓட்டுகிறவர்களுக்கு ரோடு மரியாதை என்று ஒன்று உண்டா இல்லையா?

பதினாறு சக்கரம் | மார்ச் 3, இரவு 10:40

உண்டு. நீங்கள் ஆளை மாற்றித் திட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். டிரெய்லர் லாரி ஒன்று 16.5 மீட்டர் நீளம். இரண்டுக்கும் சேர்த்து 33. ஏறும்போது 25 மீட்டர், இறங்கும்போது 25 மீட்டர் இடைவெளி விட்டால் மொத்தம் 83 மீட்டர் முந்த வேண்டும். 2 கி.மீ. வித்தியாசம் என்பது நொடிக்கு 0.55 மீட்டர். ஆக, முந்தி முடிக்க சுமார் 150 நொடி. அதற்குள் 90இல் போகிற வண்டி 3.7 கி.மீ. தாண்டியிருக்கும். நீங்கள் சொன்ன தூரம் சரிதான்.

இப்போது, முந்தப்படுகிற லாரிக்காரர் 88இலிருந்து 83க்கு இறங்குகிறார் என்று வையுங்கள். பிரேக்கைத் தொட வேண்டாம். குரூஸ் (வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் வசதி) போட்டிருந்தால் கட்டைவிரலால் மைனஸ் பட்டனை ஐந்து தட்டு, முடிந்தது. வித்தியாசம் 7 கி.மீ. ஆகிவிடும். 43 நொடியில், ஒரு கி.மீ. சொச்ச தூரத்தில் வேலை முடியும். அவருக்கு என்ன நஷ்டம்? 60 மீட்டர் பின்தங்குவார், அதாவது இரண்டரை நொடி. திரும்ப 88 பிடிக்கிற நேரத்தையும் சேர்த்தால் ஐந்து நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து நொடியைக் கொடுக்க மனசு வராதவர் மெது லேனில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் லைட் அடிப்பதோ வேக லேனில் மாட்டிக்கொண்டவருக்கு. அவரால் 90க்கு மேல் போகவே முடியாது, ஐரோப்பிய லாரிகளில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி அங்கேயே நிறுத்திவிடும்.

பின்கண்ணாடி | மார்ச் 3, இரவு 11:05

ஜெர்மன்காரர்கள் இதற்கு யானைப் பந்தயம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஹாம் நகர மேல்நீதிமன்றம் 2008இல் ஒரு அளவுகோலும் சொன்னது: வேக வித்தியாசம் சுமார் 10 கி.மீ., நேரம் 45 நொடி. மேலே வந்த 43 நொடி மயிரிழையில் தப்பிக்கிறது.

நடுரோடு | மார்ச் 3, இரவு 11:09

வித்தியாசம் 7தானே, 10 இல்லையே? யானை பெயில்.

ஏர்பிரேக் | மார்ச் 4, காலை 6:20

88, 90 என்று ஏன் வித்தியாசம் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கருவி எண்ணுவது சக்கரச் சுற்றை. பட்டன் (டயரின் மேல்வெட்டு) தேய்ந்த டயருக்குச் சுற்றளவு குறைவு. புது டயர் போட்ட வண்டியும் தேய்ந்த டயர் வண்டியும் ஒரே 90 காட்டினாலும், நிஜத்தில் ஒன்று 1 முதல் 2 கி.மீ. பின்தங்கும். ஆகவே அந்தப் பந்தயத்தில் பாதி நேரம் ஓடுவது ரப்பர். டிரைவர்கள் இரண்டு பேரும் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதோடு லோடு. சமதளத்தில் காலி வண்டிக்கும் 40 டன் வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. 400 குதிரைத்திறன் எஞ்சினோடு 40 டன்னை 5 சதவீத ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள், 40, 45க்கு மேல் ஏறாது. ஏற்றம் வரப்போகிறது என்று தெரிந்த டிரைவர் அடிவாரத்துக்கு முன்னாலேயே கனத்த வண்டியைத் தாண்டிவிடப் பார்ப்பார். காரில் இருக்கிறவருக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியும், ஏனென்றால் காருக்கு அந்த ஏற்றம் கண்ணிலேயே படாது.

நடுரோடு | மார்ச் 4, காலை 8:02

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள் முழுக்க ஓட்டினாலும் 2 கி.மீ.க்கு என்ன லாபம்? 9 மணி நேரத்தில் 18 கி.மீ. வெறும் 12 நிமிஷம்.

பதினாறு சக்கரம் | மார்ச் 4, காலை 8:30

சரியான அடி. 12 நிமிஷத்துக்காகத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்வண்டி கிளப்பும் தண்ணீரும் புழுதியும் கண்ணாடியில் அப்பிக்கொண்டே இருக்கும், முன்னால் ரோடு தெரியாது, ஒரு கதவையே பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்தச் சலிப்புதான் பாதி காரணம். அது நியாயம் என்று சொல்லவில்லை. 2 கி.மீ. வித்தியாசத்தில், பின்னால் கார்கள் நெருங்கி வரும்போது வேக லேனுக்கு ஏறுவது தப்பு. கண்ணாடியில் பார்த்து, அந்தக் கார்களை விட்டுவிட்டு ஏறலாம். 20 நொடி காத்திருந்தால் போதும்.

ரெண்டு சக்கரம் | மார்ச் 4, மதியம் 1:15

பேரைப் பார்த்தாலே தெரியும், மேலே உள்ளவரில் எட்டில் ஒரு பங்கு நான். எனக்கு வேறு கேள்வி. லாரி லைட் அடித்தால் "நீ போ" என்று அர்த்தமா, "நான் வர்றேன், நில்லு" என்று அர்த்தமா?

பின்கண்ணாடி | மார்ச் 4, மதியம் 2:50

இரண்டும். அதனால்தான் அதை நம்பக்கூடாது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலில் 110ஆவது விதி இதை வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்கிறது: லைட் அடிப்பதற்கு ஒரே அர்த்தம், நான் இங்கே இருக்கிறேன். வேறெந்தச் செய்திக்கும் அடிக்கக்கூடாது. ரோட்டில் நடப்பது வேறு. எதிர்வண்டிக்கு வழி விடுவதற்கும் அதே லைட், வழி விடாமல் மறிப்பதற்கும் அதே லைட்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவில் மட்டும் இதற்கு ஒரு நிலையான அர்த்தம் உண்டு. முந்துகிற நீள வண்டிக்குத் தன் வால் எங்கே முடிகிறது என்று கண்ணாடியில் கணிப்பது கஷ்டம். வால் தாண்டியதும் முந்தப்பட்டவர் ஒருமுறை லைட் அடிப்பார், "வால் தாண்டியாச்சு, இறங்கலாம்" என்று. முந்தியவர் லேன் மாறி முடித்ததும் ஒரு பக்க இன்டிகேட்டர், மறுபக்க இன்டிகேட்டர் என்று மாற்றி மாற்றி ஓரிரு தடவை போடுவார். அது நன்றி.

ஏர்பிரேக் | மார்ச் 4, மாலை 5:33

ஒரு சேர்க்கை. ராத்திரி மழையில் அந்த ஒருமுறை லைட் கூட வேண்டாம். நனைந்த பக்கக் கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டும் ஒரு விளக்காக மாறிவிடும், அந்தாளுக்கு லேன் கோடே காணாமல் போகும். உதவி செய்யப் போய் குருடாக்குவது. லோ பீமை ஒரு கணம் அணைத்துப் போடுகிற பழக்கமும் சிலரிடம் உண்டு. பழைய வண்டியில் சுவிட்ச் அதற்குத் தோதாக இருந்தது. இப்போது பல வண்டிகளில் ஆட்டோ லைட். அணைத்தால் ஏறுவதற்கு நேரமாகிறது, இருட்டில் 40 டன் கண்மறைவாகப் போகும். விட்டுவிடலாம்.

ரெண்டு சக்கரம் | மார்ச் 4, மாலை 6:01

அப்போ கை காட்டினால்? லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி "போ போ" என்கிறாரே.

பதினாறு சக்கரம் | மார்ச் 4, இரவு 9:48

போகாதீர்கள். லாரிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கை காட்டாதீர்கள்.

காரணம் இது. சந்திப்பில் லாரி நின்று, குறுக்கே போகக் காத்திருக்கும் காருக்கு வழி விடுகிறது. டிரைவர் பெருந்தன்மையாகக் கை காட்டுகிறார். கார் லாரியின் மூக்கைத் தாண்டி நுழைகிறது. லாரியின் மறுபக்கத்து லேனில் பைக் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. 4 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் காருக்குப் பைக் தெரியாது, பைக்குக்கும் கார் தெரியாது. கை காட்டியவருக்குக் கிளீனர் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணாடியில் ஒரு சிறு துண்டுதான் தெரியும். நிற்கலாம், இடம் விடலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போகலாமா என்று பார்ப்பது போகிறவர் வேலை.

முந்தச் சொல்லி இன்டிகேட்டர் போடுவதும் இதே ரகம். அதே விளக்கு திரும்பப் போகிறேன் என்றும் சொல்லும். பின்னால் வருகிறவர் சைடு கிடைத்துவிட்டது என்று ஏறுவார், லாரி நிஜமாகவே திரும்பும்.

நடுரோடு | மார்ச் 5, காலை 7:40

கிளீனர் பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

பதினாறு சக்கரம் | மார்ச் 5, காலை 7:58

ஸ்டீயரிங் இல்லாத பக்கம். எந்த நாட்டில் ஓட்டினாலும் இந்தச் சொல் மாறாது, அதனால்தான் இடது வலது என்று எழுதவில்லை.

பின்கண்ணாடி | மார்ச் 5, காலை 10:25

பேரே பின்கண்ணாடி, ஆகவே இதை நான் எழுதுகிறேன்.

லாரியைச் சுற்றி நாலு இருட்டு உண்டு. மூக்குக்கு நேர் கீழே. வாலுக்கு நேர் பின்னே, வண்டியின் முழு அகலத்துக்கும். டிரைவர் பக்கம் கதவுக்குச் சற்றுப் பின்னால் ஒரு துண்டு. கிளீனர் பக்கம் கதவிலிருந்து சாய்வாக விரிந்து, பக்கத்து லேனையும் தாண்டிப் போகிற பெரிய துண்டு. அமெரிக்க வழிகாட்டிகளில் முன்னால் 20 அடி, பின்னால் 30 அடி என்று போட்டிருப்பார்கள்.

அவர் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. இது எல்லோரும் சொல்வது. ஆனால் பாதிதான் உண்மை. முகம் தெரிந்தால் அவரால் பார்க்க முடியும் என்றுதான் அர்த்தம், பார்க்கிறார் என்று அல்ல. நாலைந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வர அவருக்கு சில நொடி ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் முதல் கண்ணாடியிலிருந்து வெளியே போயிருக்கலாம்.

ஆகவே லாரியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே ஓட்டக்கூடாது. பின்னால் இருங்கள், அல்லது முழுசாகத் தாண்டிப் போய்விடுங்கள். முந்தப் போவதென்றால் முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற வேண்டும். பாதியில் நின்றால் நிற்பது இருட்டில்தான்.

ஏர்பிரேக் | மார்ச் 5, காலை 11:10

20 அடி என்பது எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு வண்டிக்கு. தட்டை முகக் கேபினில் அது ரொம்பக் குறைவு, அதன் முன்கண்ணாடிக்கு மேலே கீழ்நோக்கி ஒரு கண்ணாடியும் தொங்கும். அதற்காக மூக்கை ஒட்டிக் கடந்து போகலாம் என்று அர்த்தமில்லை. குனிந்து செருப்பைச் சரிசெய்கிற ஆளோ சின்னப் பிள்ளையோ எந்தக் கேபினிலிருந்தும் தெரியாது.

பின்கண்ணாடி | மார்ச் 5, காலை 11:14

திருத்தம் ஏற்கப்பட்டது.

ரெண்டு சக்கரம் | மார்ச் 5, இரவு 8:20

திருப்பத்தில் லாரி எதிர்ப்பக்கம் ஒடித்துப் போகும்போது நடுவில் அருமையான சந்து கிடைக்கிறதே. அதில் பைக் நுழையலாமா?

பதினாறு சக்கரம் | மார்ச் 5, இரவு 9:05

அது சந்து இல்லை, மூடப்போகிற கதவு.

டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஐரோப்பாவில் லாரிக்கு வைத்திருக்கும் வட்டச் சோதனையில் வெளி ஆரம் 12.5 மீட்டர், உள் ஆரம் 5.3 மீட்டர். வித்தியாசம் 7.2 மீட்டர். அதாவது இரண்டரை மீட்டர் அகல வண்டி திரும்பும்போது 7.2 மீட்டர் ரோட்டைச் சாப்பிடலாம், இரண்டு லேன். அவ்வளவு இடம் எடுத்தால்தான் பின்சக்கரம் நடைபாதையில் ஏறாது. அதற்காகத்தான் முதலில் எதிர்ப்பக்கம் ஒடிக்கிறார்.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால், திருப்பத்துக்கு வெளிப்பக்கமாக வீசும் என்பதையும் கவனியுங்கள். உள்பக்கமும் ஆபத்து, வெளிப்பக்கமும் ஆபத்து. பத்து நொடி பின்னால் நில்லுங்கள்.

சந்திப்பில் நிறுத்தக் கோடு சில இடங்களில் வெகு பின்னால் போட்டிருப்பார்கள். கார்க்காரர்கள் கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டி நிற்பார்கள். அந்த இடம் திரும்பும் லாரிக்கு விட்டது. நீட்டிய காரின் முன்னால் லாரி மாட்டிக்கொண்டால் அந்தக் காரைப் பின்னால் எடுக்கவும் வழியிருக்காது, அங்கே அடுத்த கார் ஒட்டி நிற்கும்.

ஏர்பிரேக் | மார்ச் 6, காலை 6:45

இப்போ பிரேக். இந்தப் பேரில் வந்து இதைச் சொல்லாமல் போனால் நல்லாயிருக்காது.

ஐ.நா.வின் 13ஆம் எண் பிரேக் விதி கனரக வண்டிக்குக் கேட்பது நொடிக்கு நொடி 5 மீட்டர் வேகக் குறைப்பு. காருக்கான 13-H விதி கேட்பது 6.43. இது குறைந்தபட்சம்தான், காய்ந்த ரோட்டில் நல்ல கார் 9 கூடக் கொடுக்கும், டிஸ்க் பிரேக் போட்ட புது லாரியும் 5ஐத் தாண்டும். ஆனாலும் 90இல் 5 என்று வைத்தால் நிற்க 62 மீட்டர். 9 என்றால் 35. இதற்கு மேல், லாரி பிரேக்கை இயக்கும் காற்று பைப்பில் ஓடிப் போய்ச் சக்கரத்துச் சேம்பரை நிரப்ப அரை நொடி ஆகும், அதில் இன்னும் 12 மீட்டர். ஆள் சுதாரிக்கும் நேரம் தனி.

லாரிக்காரர் முன்னால் விட்டிருக்கும் இடைவெளியைக் காலியிடம் என்று நினைத்துக் கார்கள் உள்ளே நுழைகின்றன. அது அவர் பிரேக்கின் ஒரு பாகம். உள்ளே நுழைந்து பிரேக்கும் போட்டால் அவர் பிரேக்கை நீங்கள் பிடுங்கிக்கொண்டு போகிறீர்கள். முந்தி முடித்ததும் உள்கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுசாகத் தெரிகிற வரை இறங்காதீர்கள். அதுவும் குறைந்தபட்சம். தெரிந்த பிறகு இன்னும் இரண்டு நொடி போங்கள்.

இறக்கத்தில் இது இன்னும் மோசம். 40 டன், 6 சதவீத இறக்கம், 40 கி.மீ. வேகம் என்றால் சுமார் 230 கிலோவாட் சூட்டை எங்காவது தள்ள வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர் நூற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் எரிவதுபோல். அதை எஞ்சின் பிரேக்கிலும் ரிட்டார்டரிலும் (தேயாமல் வேகம் குறைக்கும் துணைக்கருவி) தள்ளிக்கொண்டு, கால் பிரேக்கைத் தொடாமல் ஒரே கியரில் இறங்குகிறார். நீங்கள் முன்னால் வந்து வேகம் குறைத்தால் கால் பிரேக்குக்குப் போகிறார். டிரம் சூடேறும், லைனிங் பிடிப்பு குறையும், அடுத்த வளைவில் மிதித்தால் பாதிதான் பிடிக்கும். இறக்கத்தில் லாரியை முந்தினால் நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள்.

நடுரோடு | மார்ச் 6, காலை 7:30

லாரிக்காரர்களுக்கு அறிவுரையே கிடையாதா? எல்லாம் எங்களுக்கேவா?

பின்கண்ணாடி | மார்ச் 6, காலை 9:12

நியாயம். லாரிக்காரர்கள் விட வேண்டிய மூன்று சொல்கிறேன்.

காருக்குப் பின்னால் 8 மீட்டரில் ஒட்டிக்கொண்டு, கிரில்லால் அவர் கண்ணாடியை நிரப்புவது. வேகமாகப் போகச் சொல்கிற தந்திரம் அது. முன்னால் போகிறவர் பதறிப் பிரேக்கைத்தான் மிதிப்பார். அப்புறம் மேலே உள்ள 62 மீட்டர் கணக்கு எடுபடாது.

பைக்குக்குப் பக்கத்தில் வந்து ஏர் ஹாரன். அந்தச் சத்தத்தில் தோள் துள்ளும், தோளோடு ஹேண்டிலும் துள்ளும். முப்பது நாற்பது மீட்டர் பின்னாலேயே சின்ன ஹாரனை ஒருமுறை தொட்டால் போதும். முந்தும்போது பக்க இடைவெளி தாராளமாக விட வேண்டும், ஏனென்றால் லாரியின் முகம் காற்றை வெளியே தள்ளும், உடல் கடக்கும்போது அதுவே உள்ளே இழுக்கும். பைக் முதலில் விலகும், பிறகு சக்கரத்தை நோக்கிச் சாயும்.

கேபின் கூரையில் வரிசையாக மாட்டிய கூடுதல் விளக்குகள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

ரெண்டு சக்கரம் | மார்ச் 6, காலை 9:20

அந்த உள்ளே இழுப்பதைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி. இத்தனை நாள் என் பேலன்ஸ் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பின்கண்ணாடி | மார்ச் 6, இரவு 10:55

விளக்கு என்றதும் ஞாபகம் வந்தது. லாரிக்காரர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் காரின் ஹை பீம் அவரை ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். எதிரே வரும்போது மேட்டில் ஏறும் காரின் வெளிச்சம் வானத்தை நோக்கி நிமிரும், நேராகக் கேபினுக்குள் போகும். எதிர்வண்டியின் விளக்கு தெரிந்த பிறகு டிம் பண்ணினால் தாமதம். மேட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் ஒளிர ஆரம்பிக்கும்போதே டிம் பண்ண வேண்டும்.

பின்னாலிருந்து போனால் இன்னும் கொடுமை. காரின் உள்கண்ணாடியைச் சாய்த்துக்கொள்ளலாம். லாரியின் பக்கக் கண்ணாடிகள் ஆள் முகத்தைவிடப் பெரிசு, சாய்க்க முடியாது.

பதினாறு சக்கரம் | மார்ச் 7, காலை 8:15

இதிலேயே ஒன்று விட்டுப்போனது, ரிவர்ஸ். ராத்திரி குறுகிய ரோட்டில் லாரி பின்னால் எடுத்து ஒரு கேட்டுக்குள் போகிறது. நீங்கள் மரியாதையாகத் தள்ளி நின்று காத்திருக்கிறீர்கள், ஹெட்லைட் எரிகிறது. அவருக்குக் கண்ணாடியில் தெரிவது உங்கள் இரண்டு விளக்கு மட்டும். கேட் தூண், சுவர் முனை, குழி எல்லாம் கறுப்பு. ஹெட்லைட்டை அணைத்துப் பார்க்கிங் லைட்டுக்கு வாருங்கள். நீங்கள் நிற்பது தெரியும், தூணும் தெரியும்.

டிரெய்லர் ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் வால் எதிர்ப்பக்கம் போகும். அதனால் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தடவை எடுப்பார். நடுவில் முன்னால் வரும்போது வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்னால் நுழைகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். அவர் இறங்கி வந்து பார்த்தால் எரிச்சல்படாதீர்கள். இறங்கிப் பார்க்கிற டிரைவர் நல்ல டிரைவர்.

நடுரோடு | மார்ச் 7, மதியம் 12:40

ஓய்விடத்தில் லாரி நிறுத்தும் நீளக் கட்டத்தில் காரை நிறுத்துவது பற்றியும் சொல்லுங்கள். பத்து நிமிஷம்தானே?

ஏர்பிரேக் | மார்ச் 7, மதியம் 1:25

பத்து நிமிஷம் உங்களுக்கு. ஐரோப்பிய விதியில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆக வேண்டும், ஓட்டும் நேரத்தைப் பதியும் டேகோகிராஃப் கருவி எழுதிக்கொண்டிருக்கும். நாலு மணி இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு உள்ளே வருகிறவருக்கு மிச்சம் பத்து நிமிஷம்தான். கட்டத்தில் கார் நின்றால் அடுத்த ஓய்விடம் வரை போக அவருக்கு நேரம் கிடையாது. போனால் விதிமீறல், ஓரமாக நிறுத்தினால் ஆபத்து. கார்க் கட்டத்தில் லாரி நுழையாது, நீங்கள் மட்டும்தான் இரண்டிலும் நுழைய முடியும்.

நடுரோடு | மார்ச் 7, இரவு 9:30

சரி. ஆனால் ஒரு பிடி மாட்டியிருக்கிறது. பதினாறு சக்கரம் முதல் கணக்கில் 25 மீட்டர் இடைவெளி என்றார். 90இல் 25 மீட்டர் என்பது ஒரே ஒரு நொடி. ஏர்பிரேக் கணக்குப்படி அது போதவே போதாது.

பதினாறு சக்கரம் | மார்ச் 7, இரவு 10:18

மாட்டிக்கொண்டேன். ஜெர்மன் விதிப்படி ஆட்டோபானில் (அவர்களுடைய விரைவுச்சாலை) லாரிக்கு 50 கி.மீ. வேகத்துக்கு மேல் 50 மீட்டர் இடைவெளி. அதை எடுத்துக்கொண்டால் 33 கூட்டல் 100, மொத்தம் 133 மீட்டர். 2 கி.மீ. வித்தியாசத்தில் அது நாலு நிமிஷம், 6 கி.மீ. நீங்கள் கோபப்பட்டதைப் போல ஒன்றரை மடங்கு கோபப்பட உரிமை உண்டு. 83க்கு இறங்கினாலும் 68 நொடி ஆகும், 45ஐத் தாண்டிவிடும்.

80க்கு இறங்கினால் வித்தியாசம் 10, நேரம் 48 நொடி. நீதிமன்றம் சொன்ன பத்தும் நாற்பத்தைந்தும் எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. முந்தப்படுகிறவருக்கு நஷ்டம் 107 மீட்டர், நாலரை நொடி.

ஆகவே என் முதல் குறிப்பில் 83 மீட்டர் என்று இருக்கும் இடத்தில் 133 என்று படிக்கவும். மைனஸ் பட்டனை ஐந்து தட்டு என்பதை எட்டு என்று படிக்கவும்.